வெயில் எல்லாவற்றையும் கழுவிவிடுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி)

"வெயில் பட்டால் விஷம் செத்துப்போகும்."

எங்கள் ஊரில் இந்தச் சொல்லை மறுத்துப் பேசிய ஒருவரை நான் கண்டதில்லை. பூச்சிமருந்து அடித்துவிட்டுத் தெளிப்பானை வாய்க்காலில் அலசுகிறவர் சொல்வார். மருந்துக் கடைக்காரர் சொல்வார். அந்த வாய்க்கால் போய்ச் சேரும் குளத்தின் படித்துறையில் பாத்திரம் துலக்கும் பெண்களும் சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன். நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் ஏதும் இல்லை. ஏனென்றால் அதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் என் தந்தை.

என் தந்தை காவிரிப் பாசனப் பகுதியில் கூலிக்கு மருந்து அடிப்பவர். என் தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே நான் இங்கே எழுத முற்படுவதில் பாதி, வகுப்பிலும் நூலகத்திலும் கற்ற அறிவியல். மீதிப் பாதி, எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு வாக்குவாதம். பேராசிரியப் பெருமக்கள் முதற்பாதியில் பிழை கண்டால் பொறுத்துத் திருத்துவார்களாக. இரண்டாம் பாதியை என் போன்ற வீடுகளிலிருந்து வரும் நண்பர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

குளத்தில் மிதந்த கெண்டைகள்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம். சம்பாப் பயிரில் புகையான் கண்டிருந்தது. மூன்று நாள் மேகமூட்டத்துக்கு நடுவே மழை சற்று விட்ட ஒரு மாலையில், கடைக்காரர் கொடுத்த இரண்டு மருந்துகளைக் கலந்து நான்கு ஏக்கருக்கு அடித்து முடித்தார் அப்பா. வழக்கம்போல் டேங்கையும் வாளியையும் வாய்க்காலில் அலசிவிட்டு வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் காலையில் குளத்து ஓரத்தில் கெண்டைக் குஞ்சுகள் வெள்ளை வெள்ளையாக மிதந்தன.

"வெயில் ஏறட்டும் பாப்பா, எல்லாம் சரியாயிடும்" என்றார் அப்பா.

அன்று வெயில் ஏறவில்லை. அதற்கு மறுநாளும் ஏறவில்லை. அம்மா அதே குளத்தில் வழக்கம்போல் பாத்திரம் துலக்கினார்.

அந்த மீன்கள் மருந்தால்தான் செத்தன என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். மேகமூட்டமான நாள்களில் குளத்து நீரில் ஆக்சிஜன் குறைந்தும் மீன்கள் சாவதுண்டு. நீரை எடுத்துச் சோதித்துப் பார்க்க எங்கள் ஊரில் யாருக்கும் வசதியில்லை. ஆனால் அன்று என் மனத்தில் விழுந்த கேள்வி இன்றுவரை எழுந்திருக்கவில்லை. வெயிலே வராத நாளில், வெயிலை நம்பி ஊற்றிய நஞ்சு என்ன ஆகும்?

கதிரவன் செய்யும் வேலை

முதலில் கதிரவனுக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். என் தந்தை சொன்னது பொய்யன்று. சூரிய ஒளி பூச்சிக்கொல்லிகளைச் சிதைக்கவே செய்கிறது. இதற்கு ஒளிச்சிதைவு என்று பெயர்.

ஒளி வேதியியலின் முதல் விதியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கிராத்தஸ், டிரேப்பர் என்னும் இரு அறிஞர்களின் பெயரால் வழங்கும் விதி அது. ஒரு பொருளின் மேல் விழும் ஒளியெல்லாம் அதை மாற்றிவிடாது; அப்பொருள் உட்கவரும் ஒளி மட்டுமே வேதிமாற்றத்தை உண்டாக்கும். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். ஆனால் இந்த ஒரு வரியை எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் கொண்டுபோய் வைத்தால் எத்தனை செய்திகள் வெளிவருகின்றன!

பூமியை எட்டும் சூரிய ஒளியில் ஏறத்தாழ 290 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்கள் கிடையா. வான்மண்டலத்தின் ஓசோன் படலம் அவற்றைத் தடுத்துவிடுகிறது. நம் தோலையும் கண்ணையும் காக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் பல பூச்சிக்கொல்லி மூலக்கூறுகள் பெரும்பாலும் அந்தக் குறைந்த அலைநீளக் கதிர்களையே உட்கவருகின்றன. அவற்றின் மேல் எத்தனை நாள் வெயில் அடித்தாலும், கதவைத் தட்டுகிற விருந்தாளியாக ஒளி வெளியிலேயே நின்றுவிடுகிறது, உள்ளே நுழைவதில்லை.

ஆகவே எந்த மருந்து என்பதைப் பொறுத்தே வெயிலின் வேலை. புகையானுக்கும் பிற சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கும் அடிக்கப்படும் இமிடாகுளோபிரிட் 290-க்கு மேற்பட்ட ஒளியையும் ஓரளவு உட்கவருகிறது. தெளிந்த நீரில், நல்ல வெளிச்சத்தில், அது சில மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். அதே மருந்து, அதே நீரில், இருட்டில் இருந்தால் வாரக்கணக்கில் கெடாமல் கிடக்கும்.

டி.டி.டி.யின் கதை இன்னும் வியப்பானது. பூச்சிகளைக் கொல்லும் அதன் ஆற்றலை 1939-இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசே கிடைத்தது. நீரில் கரைந்த டி.டி.டி. நேரடியாகச் சூரிய ஒளியால் மட்டும் பாதியாகக் குறைய 150 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த மூலக்கூற்றிலிருந்து ஒரு ஹைட்ரஜனும் ஒரு குளோரினும் நீங்கினால் டி.டி.ஈ. என்ற பொருள் கிடைக்கும். கோடைக்கால வெயிலில், நீரின் மேற்பரப்பில், டி.டி.ஈ.யின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ ஒரே ஒரு நாள்தான். இரண்டு அணுக்கள் போனதில் 150 ஆண்டு எங்கே, ஒரு நாள் எங்கே!

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். ஒரே நாளில் பாதியாகும் டி.டி.ஈ. இந்நேரம் உலகத்தை விட்டே ஒழிந்திருக்க வேண்டாமா? ஒழியவில்லை. ஆற்றடிச் சேற்றிலும், மீன்களின் கொழுப்பிலும், மீனைத் தின்னும் பறவைகளின் உடலிலும் போய்ப் பதுங்கிக்கொண்டது. பறவை முட்டைகளின் ஓடுகளை மெலியச் செய்து, அடைகாக்கும்போதே அவை நொறுங்கக் காரணமாயிற்று. சேற்றுக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் வெயில் அடிப்பதில்லை. புத்தகத்தில் போட்டிருக்கும் ஒரு நாள் கணக்கு, வெயிலின் கண்ணில் பட்ட பங்குக்கு மட்டுமே உரியது. என் கட்டுரையின் சாரம் முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

நீரிலேயே இருக்கும் துணையாட்கள்

தானே ஒளியை உட்கவராத மருந்துக்கும் ஒரு வழி இருக்கிறது. இயற்கை நீர் வெறும் நீரன்று. மட்கிய இலைதழைகளிலிருந்து இறங்கும் பழுப்பு நிறமான ஹியூமிக் பொருள்கள் அதில் கரைந்திருக்கின்றன. வயலில் இட்ட யூரியாவிலிருந்து மண்ணின் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய நைட்ரேட்டும் இருக்கிறது. இவை ஒளியை வாங்கிக்கொண்டு, ஹைட்ராக்சில் தனி உறுப்பு, ஒற்றைநிலை ஆக்சிஜன் போன்ற பரபரப்பான துகள்களைப் பிறப்பிக்கின்றன. இத்துகள்கள் ஒரு நொடியில் மிகச் சிறு பங்கே வாழ்ந்தாலும், அருகில் அகப்பட்ட பூச்சிக்கொல்லி மூலக்கூற்றைத் தாக்கி உடைத்துவிடுகின்றன. இது மறைமுக ஒளிச்சிதைவு.

நல்ல துணையாட்கள்தாம். ஆனால் இவர்களுக்கும் இரண்டு முகம் உண்டு. பழுப்புப் பொருள் அளவோடு இருந்தால் உதவுகிறது. மிகுந்தால் ஒளியை எல்லாம் தானே விழுங்கிக்கொண்டு, கீழே இருக்கும் நீரை நிழலில் தள்ளிவிடுகிறது. நீரில் கரைந்த பைகார்பனேட் உப்புகளோ ஹைட்ராக்சில் தனி உறுப்பை மருந்திடம் போகவிடாமல் இடையிலேயே பறித்துக்கொள்கின்றன. ஒரு குளத்தில் நடப்பது அடுத்த குளத்தில் நடக்கும் என்று சொல்ல முடியாது.

மொட்டை மாடியில் மூன்று குடுவைகள்

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினோம். பூச்சிக்கொல்லியை அளக்கும் கருவி நம் ஆய்வகத்தில் இல்லை. ஆகவே தாவரவியல் துறையில் இயோசின் சாயம் சிறிது கேட்டு வாங்கி, நானும் என் வகுப்புத் தோழியர் இருவரும் மூன்று குடுவைகளை எடுத்துக்கொண்டோம். ஒன்றில் வாலைவடி நீர். மற்றொன்றில் வாய்க்காலிலிருந்து மொண்டு வந்த செந்நிறக் கலங்கல் நீர். மூன்றாவதிலும் வாலைவடி நீரே. மூன்றிலும் ஒரே அளவு சாயம் விட்டோம். முதல் இரண்டையும் காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில் வைத்தோம். மூன்றாவதை அலமாரிக்குள் பூட்டினோம். கலங்கல் நீரை அவ்வப்போது கலக்கிவிட மட்டும் மாடி ஏறினோம்.

மாலை மூன்று மணிக்குப் பார்த்தபோது தெளிந்த நீரின் இளஞ்சிவப்பு ஏறத்தாழ மறைந்துவிட்டிருந்தது. அலமாரிக் குடுவை வைத்தது வைத்தபடி இருந்தது. கலங்கல் நீரை வடிகட்டிப் பார்த்தோம். அதில் சாயம் இன்னும் நன்றாகவே தெரிந்தது. ஒரே மாடி, ஒரே வெயில், ஒரே சாயம். வேறுபாடு நீரில்தான்.

இயோசின் பூச்சிக்கொல்லி அன்று. அது பச்சை ஒளியையே உட்கவர்ந்து வெளுக்கிறது. வெயிலில் அந்த ஒளிக்குப் பஞ்சமே இல்லை. பூச்சிக்கொல்லிகளுக்கு வேண்டிய புற ஊதாக் கதிரோ வெயிலில் மிகச் சிறு பங்கு. நீருக்குள் விரைவாக மறைந்தும் விடுகிறது. வெளுப்பதற்கு எளிதான சாயத்துக்கே கலங்கல் நீரில் இந்த நிலை என்றால், மருந்தின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

வாய்க்கால் ஆய்வகக் குடுவை ஆகுமா?

அரைவாழ்வுக் காலம் என்று நூல்களில் நாம் காணும் எண்களில் பல, தூய நீரில், அளந்த விளக்கொளியில் கண்டவை. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வாருங்கள்.

மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வரும்போது அது சேறு கலந்து செம்மண் நிறமாகவே வருகிறது. கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. விரல் தெரியாத நீரில் புற ஊதாக் கதிர் எவ்வளவு ஆழம் போகும்? பயிர் வளர்ந்து வயலை மூடிவிட்டால் அடியில் நிற்கும் நீருக்கு நாள் முழுவதும் நிழல். சம்பாவும் தாளடியும் நிற்கும் காலமோ வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் இல்லாத நாள் குறைவு.

இன்னொன்றும் உண்டு. காற்று அடங்கியிருக்கும் என்பதாலும், பகலில் பூவுக்கு வரும் தேனீக்கள் சாகக்கூடாது என்பதாலும் மாலையில் மருந்து அடிப்பது நல்லது என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மாலை ஆறு மணிக்கு வாய்க்காலில் அலசிய மருந்துக்குக் காலை ஆறு மணி வரை வெயில் இல்லை. நீர் நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணி நேரத்தில் அது ஏறத்தாழ 13 கிலோமீட்டர் போயிருக்கும். கதிரவன் எழுந்து தன் வேலையைத் தொடங்கும் முன்பே எங்கள் ஊர் நஞ்சு மூன்று ஊர் தாண்டிவிடும். அந்த ஊர்களின் படித்துறையிலும் யாரோ ஒரு தாய் விடியற்காலையில் குடத்தோடு இறங்குவார்.

கணக்கு நமக்குப் புதிதன்று. அரைவாழ்வு ஒரு நாள் என்றால் ஒரு வாரத்தில் 128-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். கலங்கலாலும் நிழலாலும் அதே அரைவாழ்வு பத்து நாளாக நீண்டுவிட்டால், அதே ஒரு வாரத்தின் முடிவில் நூற்றுக்கு 60-க்கு மேல் மிச்சமிருக்கும். மருந்து அதுவே, விற்ற கடை அதுவே, மாறியது நீர் மட்டும்.

உடைந்தால் ஒழிந்ததா?

"சிதைவு" என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சிதைந்தது என்றால் ஒழிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு மூலக்கூறு முற்றிலும் சிதைந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் எளிய உப்புகளாகவும் முடிவதற்கு முன் பல படிகள் உண்டு. இடைப்படிகளில் சில, முதற்படியைவிடக் கொடியவை.

நம் கிராமங்களில் எந்தப் பூச்சிமருந்துக்கும் பாலிடால் என்ற பெயரே ஒரு காலத்தில் வழங்கியது. அதில் இருந்த நஞ்சு பாரத்தியான். ஒளியும் காற்றும் சேர்ந்து பாரத்தியானில் உள்ள ஒரு கந்தக அணுவை நீக்கி ஆக்சிஜனை அமர்த்தினால் அது பாரஆக்சானாகிறது. நரம்பு மண்டலத்தை முடக்குவதில் பாரத்தியானைவிடப் பாரஆக்சான் வலியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாரத்தியான் தெளித்துப் பல நாள் கழித்துப் பழத்தோட்டங்களில் வேலைக்கு இறங்கிய கூலியாள்கள் நோயுற்றார்கள். தெளித்து முடிந்ததே, இத்தனை வெயில் அடித்ததே, இனி என்ன என்று எண்ணி இறங்கியவர்கள் அவர்கள். இலைத்தூசியில் உருவாகிப் படிந்திருந்த பாரஆக்சானுக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். டீல்ட்ரின் என்ற பழைய மருந்தும் அப்படியே. வெயிலில் அது ஒளிடீல்ட்ரினாக மாறுகிறது. பல உயிர்களுக்கு ஒளிடீல்ட்ரினே கூடுதல் நஞ்சு. குளோர்பைரிபாஸிலும் பாரத்தியானைப் போலவே கந்தகம் போய் ஆக்சிஜன் வரும் வழி இருக்கிறது.

வெயிலுக்கு அசையாத மருந்துகளோ வேறொரு பாடம் சொல்கின்றன. அண்டை மாநிலத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். 2000-ஆம் ஆண்டில்தான் அது நின்றது. காசர்கோட்டில் வெயிலுக்கு என்ன குறை? ஆனால் எண்டோசல்பான் சூரிய ஒளியை உட்கவர்வது மிக அரிது. கிராத்தஸ் விதி அங்கே கண்டிப்பாக நின்றது. 2011-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதைத் தடை செய்யும் வரை எத்தனை குடும்பங்கள் நீதி கேட்டு அலைந்தன என்பதை நாம் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம்.

வெயிலைத் தாங்கும்படி செய்தவர்கள் நாமே

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. சாமந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து கிடைக்கும் பைரித்ரம் நல்ல பூச்சிக்கொல்லி. ஆனால் வெயிலில் விரைவில் கெட்டுவிடும். வயலுக்கு அது உதவாது என்று ஒதுக்கினார்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டும் அவருடைய குழுவினரும் 1973-இல் பெர்மெத்ரின் என்ற பொருளை அறிமுகப்படுத்தினார்கள். அதன் தனிச் சிறப்பே வெயிலைத் தாங்குவதுதான். அது பெரிய அறிவியல் வெற்றி. அதைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஆனால் அந்த இனத்து மருந்துகள் மீன்களுக்கு மிகக் கொடியவை. சேற்றில் ஒட்டிக்கொள்ளும் இயல்பும் உடையவை.

நம் வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டினும் வெயிலில் எளிதில் சிதையும். "வேப்பெண்ணெய் அடிச்சா நாலு நாள்கூட நிக்கமாட்டேங்குதே" என்று உழவர் குறைப்படுகிறார். அவர் குறை நியாயமானதே. மறுபடி அடிக்கக் கூலி யார் கொடுப்பது? இலையின் மேல் இருக்கும்வரை மருந்து நிலைக்கவேண்டும், வாய்க்காலில் விழுந்ததும் மறையவேண்டும் என்று விரும்புகிறோம். இலைக்கும் வாய்க்காலுக்கும் கதிரவன் ஒருவனே. இலையில் வெயிலைத் தாங்கும்படி செய்த பொருளை வாய்க்காலில் வெயில் அழித்துவிடும் என்று நம்புவது எந்த ஊர் நியாயம்?

நிறம் சொல்வதும் சொல்லாததும்

1958-இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு அமைந்த விசாரணையின் வழியாக 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1971-இல் விதிகள் வந்தன. மருந்துப் புட்டியின் மேல் நாம் காணும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் அவ்விதிகளின் பயனே. எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தைக்கும் சிவப்பு என்றால் அச்சம் உண்டு. அந்த மட்டில் சட்டம் வென்றது.

ஆனால் அந்த நிறம், மருந்து வாய்வழியோ தோல்வழியோ உடலுக்குள் போனால் எவ்வளவு கொடியது என்பதை மட்டும் சொல்கிறது. நீரில் எத்தனை நாள் நிற்கும் என்பதையோ, இருட்டில் என்ன ஆகும் என்பதையோ, உடைந்தால் எதுவாக மாறும் என்பதையோ சொல்வதில்லை. பச்சை முக்கோணம் போட்ட மருந்தைத் துணிந்து வாய்க்காலில் அலசுகிறார்கள். "நீர்நிலைகளை மாசுபடுத்தாதீர்" என்ற வரி உள்ளே மடித்து வைத்த துண்டுத்தாளில் எறும்பு எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஏன் என்ற காரணம் இல்லாத அறிவுரையை எந்த ஊரில் யார் கேட்டார்கள்?

நிறத்தோடு இன்னொரு குறியும் வேண்டும் என்பது என் கருத்து. கலங்கல் நீரில் நெடுநாள் நிற்கும் மருந்துக்கு ஓர் அடையாளம். மீனைக் கொல்லும் மருந்துக்கு ஓர் அடையாளம். படமாக இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும்.

திண்ணையில் நடந்தது

இவற்றையெல்லாம் ஒரு விடுமுறை நாளில் அப்பாவிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ படிச்சது சரிதான் பாப்பா. ஒரு டேங்குக்கு இவ்வளவுன்னுதான் எனக்குக் கூலி. வயல்லயே அலசணும்னா தண்ணி சுமக்கணும். அந்த அரை மணி நேரத்துக்கு யாரு காசு குடுப்பா?" என்றார்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. கிராத்தஸ் விதியில் அதற்கு விடை இல்லை. மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் நிலக்காரர். கலவையைச் சொல்பவர் கடைக்காரர். முதுகில் சுமப்பவர் மட்டுமே என் தந்தை. பழியைக் கொண்டுபோய் வாய்க்கால் கரையில் நிற்கும் கூலிக்காரர் தலையில் வைப்பது எளிது. அது நேர்மையாகாது.

ஆனாலும் நான் விடவில்லை. மொட்டை மாடிச் சோதனையை வீட்டு முற்றத்தில் மறுபடி செய்து காட்டினேன். இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் அடிகுழாய்த் தண்ணீர், ஒன்றில் வாய்க்கால் தண்ணீர். அப்பா அன்று மாலை இரண்டையும் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை மருந்து அடிக்கப் போனபோது நிலக்காரரிடம், "அலசுறதுக்கு ரெண்டு குடம் தண்ணி வரப்புக்கே வந்தாத்தான் அடிப்பேன்" என்று சொன்னாராம். அம்மா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நிலக்காரர் முணுமுணுத்தாலும் குடம் வந்தது. புட்டியை மும்முறை அலசி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றி, அடித்த வயலிலேயே தெளித்து முடித்தார். வாங்கிய மருந்தில் ஒரு சொட்டும் வீணாகவில்லை என்று நிலக்காரருக்கும் பிறகு மகிழ்ச்சிதான்.

வயலில் விழுந்தாலும் அது நஞ்சுதான். ஆனால் அங்கே மெல்லிய படலமாகப் பரவுகிறது. இலையில் வெயில் படுகிறது. மண்ணில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. குளத்து அடிச்சேற்றுக்கு நேரே போவதைவிட அது மேல்.

நம்மால் ஆவது

மதிப்புக்குரிய பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அரைவாழ்வுக் காலத்தின் வரையறையைக் கேளுங்கள், அதனோடு "எந்த நீரில்?" என்ற கேள்வியையும் கேளுங்கள். நம் கல்லூரியைச் சுற்றியே வாய்க்காலும் குளமும் இருக்கின்றன. ஆண்டுதோறும் செய்முறை வகுப்பில் ஒரு நாள், அந்த நீரின் கலங்கலையும் நைட்ரேட்டையும் பைகார்பனேட்டையும் மாணவர்கள் அளந்து ஒரு பேரேட்டில் பதிந்து வரலாம். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். பத்து ஆண்டு கழித்து அந்தப் பேரேடு எந்த நூலிலும் கிடைக்காத நூலாக இருக்கும்.

நண்பர்களே! நம்மில் பலர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். நம் பெற்றோர் நம்மை அனுப்பியது ஒரு வேலைக்காக. அது கிடைக்கட்டும். ஆனால் வேலை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத கடமை ஒன்றும் இருக்கிறது. வகுப்பில் கேட்ட ஒரு விதியையாவது வீட்டுத் திண்ணை வரை கொண்டு சேர்க்கவேண்டும். திண்ணையிலிருந்து ஒரு கேள்வியையாவது வகுப்புக்குக் கொண்டு வரவேண்டும். அப்பா கேட்ட அரை மணி நேரக் கூலி அத்தகைய ஒரு கேள்வி. அதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் வேதியியல் துறையில் மட்டும் இல்லை; பொருளியல் துறை நண்பர்களும் சற்றே சிந்திக்கட்டும்.

கதிரவன் நாள் தவறாமல் வருகிறான்; தன்னால் ஆனதைச் செய்கிறான். மேகத்துக்குப் பின்னாலும், கலங்கலுக்கு அடியிலும், இரவிலும் அவனுக்கு வேலையில்லை. அந்த இடங்களில் வேலை நம்முடையது.

இந்த ஐப்பசியிலும் மேகம் வரும். குளம் நிறையும். அம்மா படித்துறையில் இறங்குவார். கெண்டைக் குஞ்சுகள் அவர் கால்விரலைக் கொத்திக்கொண்டு ஓடவேண்டும் என்பதே என் ஆசை.